கதவைத் திறந்தது யார்?

– மறுபடியும் திறந்துட்டீங்க.

– எதை?

– கதவை. லாரியோட பின்கதவை. திரையில அப்பட்டமாத் தெரியுது. நாலு டிகிரியில இருந்தது, இப்ப ஆறரை.

– அடியே, நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். முன்னாடி ஒரு சிமெண்ட் லாரி, பின்னாடி ஒரு பஸ். ஸ்டியரிங்கை யார் கையில கொடுத்துட்டு நான் போய்ப் பின்கதவைத் திறப்பேன்?

– "அடியே" எல்லாம் வீட்டுல வெச்சுக்குங்க. இங்க நான் கண்ட்ரோல் ரூம். நீங்க டிரைவர். பின்னாடி கண்ணாடி ரூம்ல மேனேஜர் உக்காந்து என் முதுகையே பார்த்துக்கிட்டு இருக்கார்.

– சரிங்க மேடம். சொல்லுங்க மேடம். இதே மேடம்தான் காலையில ஈரத் துண்டைத் தூக்கி என் மூஞ்சி மேல போட்டாங்க.

– ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா அது மூஞ்சிக்குத்தான் வரும். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக் சாப்பிட்டீங்களா?

– என்னது?

– லாரி நிறைய க்ரீம் கேக். அதுல ஒண்ணு ரெண்டைத் திறந்து பார்த்தீங்களான்னு கேக்கறேன். போன வாரம் ஒரு கேக்குல மேல இருந்த செர்ரிப் பழத்தைக் காணோம்னு கடையிலருந்து போன் வந்துச்சு.

– அது ரோட்டுல குலுங்கினதுல விழுந்திருக்கும்.

– விழுந்த பழம் பெட்டிக்குள்ளதானே கிடக்கணும்?

– நல்லாக் குலுங்கிச்சு.

– அதோ, இறங்குது. ஆறு... அஞ்சு. மூடிட்டீங்க.

– நான் எதையும் மூடலை! திறந்தாத்தானே மூடறதுக்கு! சத்தியமாச் சொல்றேன், கை ரெண்டும் ஸ்டியரிங்ல இருக்கு. டேஷ்போர்டு மீட்டரைப் பார்க்கிறேன், உள்ள நாலு டிகிரின்னுதான் காட்டுது. காலையிலருந்து அசையவே இல்ல.

– லாரி மீட்டர் கிடக்கட்டும். அதைக் கடைக்காரங்க நம்ப மாட்டாங்க. உள்ள ஒட்டி வெச்சிருக்கீங்களே, சூடு அளக்கிற வெள்ளை டப்பா, அது சொல்றதுதான் கணக்கு. அது என் திரைக்கு அனுப்புது, என் திரை பொய் சொல்லாது.

– அப்ப என் பொண்டாட்டி திரையை நம்புவா, என்னை நம்ப மாட்டா.

– திரை செர்ரி திங்காது.

– அது ஒரே ஒரு பழம்!

– பார்த்தீங்களா! வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க.

– என் தலையெழுத்து. ஊர்ல இருக்கிற டிரைவர் எல்லாம் மேலதிகாரிகிட்ட இருந்து தப்பிச்சு வீட்டுக்குப் போவான். நான் எங்க போறது?

– நேரா ரோட்டைப் பார்த்துப் போங்க. இருங்க, இருங்க. மறுபடியும் ஏறுது.

– சிமெண்ட் லாரிக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிடட்டுமா?

– அஞ்சரை. ஆறு. என்னங்க, இது காலையிலருந்து இதே வேலையா இருக்கு. திறக்குது, கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது, மூடுது. அப்புறம் சும்மா இருக்கு. அப்புறம் மறுபடியும் திறக்குது. யாரோ உள்ள போய் நின்னு யோசிச்சு யோசிச்சு ஒவ்வொண்ணா எடுத்துத் தின்ற மாதிரியே இருக்கு.

– உள்ள பேய் இருக்குன்னு சொல்றியா?

– நீங்க இருக்கும்போது பேய் எதுக்கு? கிண்டல் போதும், கேளுங்க. எட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னா திரை தானா சிவப்பாயிடும். சிவப்பானா கடைக்கும் அந்த நிமிஷமே செய்தி போயிடும். கேட்டுலயே வண்டியைத் திருப்பிடுவாங்க. கேக் நல்லா இருக்கா, கெட்டுப் போச்சான்னு எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

– தெரியாதா எனக்கு? ரெண்டு தடவை திரும்பி வந்தவன் நான்.

– அதான் சொல்றேன். மூணாவது தடவை திரும்பினா இந்த ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு மேனேஜர் என்கிட்டயே சொன்னார். ரூட் போச்சுன்னா பெரிய வீடும் போச்சு.

– அதைச் சொல்லாதே. வீடு மாத்தலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.

– உங்களுக்கு மட்டுமா? எங்கப்பாவும் உங்கம்மாவும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷம் ஆச்சு. எங்கப்பா டீவி சத்தம் வெச்சா உங்கம்மா சுவத்தைத் தட்டறாங்க. உங்கம்மா பாட்டு வெச்சா எங்கப்பா தட்டை உருட்டறார். நடுவுல நாம ரெண்டு பேரும் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்கறோம்.

– உங்கப்பாதான் முதல்ல ஆரம்பிப்பார்.

– உங்கம்மாதான் ஆரம்பிப்பாங்க.

– நேத்து எங்கம்மா, ஒத்துக்கறேன். அதுக்கு முந்தின நாள் உங்கப்பா.

– இப்ப அதுவா முக்கியம்? ஏழு வந்துடுச்சு. வண்டியை ஓரங்கட்டுங்க. இறங்கிப் போய் டப்பா ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பாருங்க.

– இவ்வளவு நேரம் கதவைத் திறந்தேன்னு திட்டினே. இப்ப நீயே திறக்கச் சொல்றே.

– கண்ட்ரோல் ரூம் சொன்னாத் திறக்கலாம். சட்டுனு திறந்து சட்டுனு மூடணும்.

– சரி, இரு. ஓரமா நிறுத்திட்டேன். போனைக் கையில எடுத்துக்கறேன். இறங்கறேன். யப்பா, என்ன வெயில். திறந்துட்டேன். அடேங்கப்பா, பல்லு தந்தியடிக்குது. உள்ள நல்ல குளிர்தான், உன் திரைக்குத்தான் ஜுரம்.

– டப்பா இருக்கா?

– இருக்கு, இருக்கு. கேக் அட்டைப்பெட்டிங்களுக்கு நடுவுல, காலையில நான் டேப் போட்டு ஒட்டின இடத்துலயே இருக்கு. வெள்ளை டப்பா. உள்ள ஏதோ லொடலொடங்குதே.

– அதுல லொடலொடங்கறதுக்கு ஒண்ணும் இல்லையே? பேட்டரி கழண்டிருச்சா? மேல சின்னதா பச்சை விளக்கு எரியுதா பாருங்க.

– விளக்கே இல்லையே.

– விளக்கே இல்லையா? எரியலையா?

– விளக்குக்கு இடமே இல்ல. ஒரு மூடி மட்டும்தான் இருக்கு. திறந்து பார்க்கவா?

– திறங்க.

– ஐயோ!

– என்னாச்சு? என்னங்க? பேசுங்க!

– என்னைப் பார்த்துச் சிரிக்குது.

– எது சிரிக்குது?

– உங்கப்பா.

– என்ன உளறறீங்க?

– உங்கப்பாவோட பல் செட்டு. மேல் வரிசை, கீழ் வரிசை, ரெண்டும் டப்பாவுக்குள்ள உக்காந்து என்னைப் பார்த்து ஈ-ன்னு இளிக்குது.

– கேக் லாரியில எங்கப்பா பல்லா!

– கத்தாதே, மேனேஜர் காதுல விழப்போகுது. மூடிட்டேன். கேக் பெட்டி எல்லாம் சீல் வெச்சதுதான், ஒண்ணுலயும் படலை. பல் செட்டை என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். கதவையும் சாத்திட்டேன்.

– எங்கப்பா பல்லு எப்படிங்க லாரிக்கு வரும்? அவர்தான் ஈறுக்கு இதமா இருக்கும்னு டப்பாவோட ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவாரே.

– ஃப்ரிட்ஜ்ல...

– என்ன இழுக்கறீங்க?

– போன தடவை லோடு எதுக்குத் திரும்பிச்சு? வெள்ளை டப்பா வெயில்ல காய்ஞ்சு, அந்தச் சூட்டோடயே உள்ள போச்சு. ஏத்தின உடனே முப்பது டிகிரின்னு அலறிச்சு. அப்ப நீ என்ன சொன்னே? முந்தின நாளே டப்பாவைக் குளிர வெச்சுடணும்னு சொன்னியா இல்லையா?

– டிப்போ ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொன்னேன்!

– டிப்போ ஃப்ரிட்ஜ்ல வெச்சா எவனாவது அது மேல மீனைத் தூக்கி வெச்சுடறான். அதான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன். காலையில மறந்துடக் கூடாதுன்னு டப்பாவோட ஸ்டார்ட் பட்டனைக்கூட நேத்தே அமுக்கிட்டேன். நம்ம ஃப்ரிட்ஜ்ல, முட்டை வைக்கிற தட்டுல வெச்சேன். தூக்கக் கலக்கத்துல கையில கிடைச்ச வெள்ளை டப்பாவை எடுத்துக்கிட்டு ஓடிவந்துட்டேன்.

– அப்ப நான் காலையிலருந்து கண்ணு கொட்டாமப் பார்த்துக்கிட்டு இருக்கறது...

– நம்ம வீட்டு ஃப்ரிட்ஜை.

– கடவுளே. உங்க லாரி ரோட்டோரம் நிக்குதுன்னு ஒரு திரை சொல்லுது. பக்கத்துத் திரையில முட்டைக்கு ஜுரம் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

– பாரு, நான் கேக் திங்கலைன்னு இப்பவாவது நம்பறியா?

– செர்ரி தின்னீங்க. சரி, பயப்படாதீங்க. திரை பச்சையா இருக்கிற வரைக்கும் வழி இருக்கு. மேனேஜர்கிட்ட நானே போய் டப்பா மாறிப்போச்சுன்னு உண்மையைச் சொல்லிடறேன். அவர் கடைக்குச் சொல்லிடுவார். அவங்க கேக்குல சூடு பார்க்கிற கம்பியைக் குத்திப் பார்ப்பாங்க, லாரி மீட்டரைப் பார்ப்பாங்க, குளிர்ச்சியா இருந்தா எடுத்துப்பாங்க.

– அப்பாடா.

– ஆனா சிவப்பாயிட்டா மேனேஜராலகூட ஒண்ணும் பண்ண முடியாது. மெஷின் முந்திக்கும். இப்ப ஏழரை. இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. இந்தத் தடவை யாரோ ஃப்ரிட்ஜ் கதவைச் சரியா மூடாமலே போயிட்டாங்க.

– இரு. யாரு போயிட்டாங்க?

– அதான் யோசிக்கிறேன்.

– வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேர். உங்கப்பாவுக்கு முட்டி தேய்ஞ்சுபோய் காலைக் கீழ ஊன முடியாது. எங்கம்மாவுக்கு இடுப்பு பிடிச்சு நிமிர முடியாது. ரெண்டு பேருக்கும் கட்டிலுக்கே சாப்பாடு. நீ இந்தக் கட்டிலுக்கு ஊட்டறே, நான் அந்தக் கட்டிலுக்கு ஊட்டறேன்.

– காபி, பிஸ்கட்டு, கை கழுவ டம்ளர்ல தண்ணி.

– அப்ப ஃப்ரிட்ஜைத் திறந்தது யாரு?

– உங்கம்மா.

– உங்கப்பா! எனக்கு அப்பவே சந்தேகம். ஒரு நாள் நான் சீக்கிரம் வந்தப்ப கட்டில்ல மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்தார். படுத்திருக்கிற மனுஷனுக்கு எதுக்கு மூச்சு வாங்கணும்?

– கனவு கண்டிருப்பார். எங்கப்பா பாவம்ங்க. பாத்ரூம் போறதுக்கே என் தோள் மேல கையைப் போட்டு, "உனக்கு பாரமாப் போயிட்டேனேம்மா"ன்னு கண் கலங்குவார். எனக்கு நெஞ்சே வெடிச்சிடும்.

– எங்கம்மாவும்தான் கண் கலங்குவாங்க.

– ஏழே முக்கால்! அப்புறம் சண்டை போடலாம். உங்கம்மாவுக்குப் போன் போடுங்க.

– அம்மா போன் தண்ணியில விழுந்து ரிப்பேர்ல கிடக்கு. உங்கப்பாவுக்குப் போடு.

– சரி, மூணு பேர் லைன் போடறேன். நீங்க சும்மா இருக்கணும். எடுத்த உடனே அவரைக் கோவமாக் கேக்கக் கூடாது... அப்பா? அப்பா, நான்தான்ப்பா.

– சொல்லும்மா. பாவம், வேலைக்கு நடுவுல இந்தக் கிழவனை நினைச்சுக் கூப்பிட்டியா?

– எப்படிப்பா இருக்கீங்க?

– எப்படி இருக்கேன்? நீ காலையில எப்படிப் படுக்க வெச்சுட்டுப் போனியோ அப்படியே இருக்கேன். இந்தப் பக்கம்கூடத் திரும்பலை. என்னமோ, மேல ஃபேனைப் பார்த்துக்கிட்டுப் பொழுது போகுது.

– பேச்சு ஏன்ப்பா கொழகொழன்னு வருது?

– பல்லு இல்லையேம்மா. டப்பாவையே காணோம். எல்லாத் தட்டுலயும் தேடிட்டேன்.

– எந்தத் தட்டுல மாமா?

– யாரு, மாப்பிள்ளையா? நீங்களும் இருக்கீங்களா? நான் கவனிக்கலையே.

– எந்தத் தட்டுல தேடினீங்க?

– மனசால தேடினேன் மாப்பிள்ளை. படுத்தபடியே ஒவ்வொரு தட்டா நினைச்சுப் பார்த்தேன்.

– அப்பா, அது என்ன சத்தம்? பீப் பீப்புன்னு?

– அதுவா? தெருவுல ஏதோ வண்டி பின்னாடி போகுதும்மா.

– நம்ம ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தா இப்படித்தான் கத்தும்ப்பா.

– அப்படியா? நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தே எத்தனை நாளாச்சு. இன்னும் அதே பச்சைக் கலர்தானா?

– மாமா, உங்க பல்லு என் சட்டைப் பையில இருக்கு. டப்பா மாறிப்போச்சு. என்னோட டப்பா நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. அது சூடாச்சுன்னா என் வேலை போயிடும். புரியுதா? எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்துங்க, போதும்.

– எந்திரிக்கவா! மாப்பிள்ளை, என்ன வார்த்தை சொல்லிட்டீங்க! இந்தக் காலை வெச்சுக்கிட்டு எந்திரிக்கிற மாதிரி இருந்தா நான் எதுக்கு மகளுக்கு பாரமா...

– எட்டு. எட்டு வந்துடுச்சுங்க.

– மாமா, நாங்க திட்ட மாட்டோம். எப்படி எந்திரிச்சீங்கன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். ஒரு வாரத்துக்கு உங்களுக்கு நானே கால் அமுக்கி விடறேன்.

– ஒரு வாரமா?

– ரெண்டு வாரம்!

– ஆசையாத்தான் இருக்கு. ஆனா முடியாதே மாப்பிள்ளை.

– எட்டேகால். மஞ்சளாயிடுச்சு. அடுத்தது சிவப்புதான். அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. எனக்குப் பயமா இருக்குப்பா. இவர் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடறார், ஒழுங்காத் தூங்கி மாசக்கணக்காச்சு. எதுக்கு? உங்களுக்கும் அத்தைக்கும் ஒத்துக்கலைன்னு, ஆளுக்கொரு பக்கம் இருக்கிற மாதிரி ஒரு பெரிய வீடு பார்க்கத்தான். இந்த ரூட் போச்சுன்னா எல்லாம் போச்சு. என்னால இனிமே ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஓட முடியலைப்பா. அழுகையா வருது.

– அழாதேம்மா.

– அழலைப்பா. மேனேஜர் பார்க்கிறார், அதனால அழலை.

– பெரிய வீடா? ஆளுக்கொரு பக்கமா?

– ஆமாம் மாமா. நடுவுல கனமா ஒரு சுவர். டீவி சத்தம்கூடக் கேக்காது. எங்கம்மா மூஞ்சியிலயே நீங்க முழிக்க வேண்டாம்.

– நடுவுல சுவரெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? வீண் செலவு.

– மாமா, கதவு!

– இரும்மா, ஒரு நிமிஷம். போனைக் கீழ வைக்கிறேன். இருமல் வருது.

– அப்பா? அப்பா! வெச்சுட்டாரா?

– லைன்லதான் இருக்கு. கட் ஆகலை. என்ன காட்டுது?

– எட்டரை. அப்படியே நிக்குது. ஏங்க, உங்களுக்கு சாமி நம்பிக்கை உண்டுல்ல? வேண்டிக்குங்க.

– வேண்டிக்கிட்டேன். அந்தச் செர்ரிக்கும் மன்னிப்பு கேட்டுட்டேன்.

– இருங்க. பீப் சத்தம் நின்னுடுச்சு!

– நிஜமாவா?

– எட்டேகால்... எட்டு! இறங்குதுங்க! பச்சையாயிடுச்சு!

– அடடா! மாமா! நீங்க தெய்வம்! மாமா, கேக்குதா?

– என்ன மாப்பிள்ளை? கட்டில்லதான் இருக்கேன். அசையவே இல்ல.

– அப்பா, கதவு மூடிடுச்சுப்பா! நீங்கதானே எந்திரிச்சுப் போனீங்க? சொல்லுங்க, நான் கோச்சுக்க மாட்டேன்.

– உன் மேல சத்தியமாம்மா, நான் எந்திரிக்கலை. காத்துல மூடியிருக்கும். சரி, எனக்குத் தூக்கம் வருது. நீங்க ரெண்டு பேரும் பத்திரமா வாங்க. மெதுவாவே வாங்க, ஒண்ணும் அவசரமில்ல. போனை வெச்சுடறேன்.

– காத்தாம், காத்து. ஜன்னலே இல்லாத சமையலறையில காத்து.

– என் மேலயே சத்தியம் பண்றார்ங்க. எங்கப்பா என் மேல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டார்.

– அப்ப யாரு மூடினது?

– ஷ்ஷ். சத்தம் போடாதீங்க. அவருக்குப் போனை அணைக்கத் தெரியலை, லைன் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பக்கத்துல யாரோ பேசற மாதிரி இருக்கு.

– ஐயையோ. அது எங்கம்மா குரல்!

– பேசாம இருங்க, கேப்போம்.

– சம்பந்தி, கதவை நல்லா அமுக்கிச் சாத்திட்டேன், சீட்டுக்கட்டையும் தலைகாணிக்கு அடியில ஒளிச்சாச்சு, மீதி ஆட்டத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்; பிள்ளைங்க வந்ததும் சண்டையை இன்னிக்கு நீங்கதான் ஆரம்பிக்கணும், நேத்து நான் ஆரம்பிச்சேன்.